ஃபீனிக்ஸ் பக்கம் முன்பதிவு இல்லாமல் காட்டில் கூடாரம் போட எங்கே போகலாம்? குடும்பத்தோடு முதல் தடவை

வெயில்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் அரிசோனாவில் ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லருக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. 2023-இல் தொடர்ந்து 31 நாள் பகல் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை என்று வந்த புதிதில் சொன்னார்கள், அப்போது அது மனதில் ஏறவில்லை. இப்போது மே மாதம் முடிவதற்குள்ளேயே வெளியே தலைகாட்ட முடியவில்லை. பள்ளி விடுமுறை வேறு தொடங்கிவிட்டது. எட்டு வயது மகளும் ஐந்து வயது மகனும் நாள் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், 66 வயது, கம்பம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர். ஏசியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டே அவருடைய நாள் போகிறது, எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

மலைப்பக்கம் இரண்டு ராத்திரி தங்கலாம் என்று முன்பதிவுத் தளத்தில் தேடினால் கழிப்பறை, மேசை எல்லாம் வைத்த முகாம்களில் ஆகஸ்ட் வரை வார இறுதி எதுவும் காலி இல்லை. அலுவலகத்தில் ஒருவர் "அதெல்லாம் எதற்கு, டிஸ்பர்ஸ்டு கேம்பிங் போங்கள், காட்டில் எங்கே வேண்டுமானாலும் போடலாம், காசும் கிடையாது" என்றார். எங்கே வேண்டுமானாலும் என்றால் உண்மையிலேயே எங்கே வேண்டுமானாலுமா? சட்டப்படி சரியா? கழிப்பறைக்கு என்ன செய்வது, தண்ணீர் கிடைக்குமா, சமைக்கலாமா, கரடி வருமா? எங்களிடம் இருப்பது சாதாரண டொயோட்டா செடான். வீட்டில் முதல் கேள்வி, ஆள் அரவம் இல்லாத இடத்தில் ராத்திரி பயமாக இருக்காதா என்பதுதான். போய் வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ரிம்ரோடு எழுதியது:

தாராளமாகப் போகலாம், சட்டப்படி சரிதான். ஆனால் "எங்கே வேண்டுமானாலும்" என்று சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

ஃபீனிக்ஸுக்கு வடக்கிலும் கிழக்கிலும் இருப்பது டான்டோ தேசியக் காடு, அது மட்டுமே ஏறத்தாழ 29 லட்சம் ஏக்கர். அதற்கு மேலே கோகொனீனோ, அப்பாச்சி சிட்கிரீவ்ஸ் என்று இன்னும் இரண்டு பெரிய காடுகள். மூன்றும் மத்திய அரசின் வனத்துறை நிலம். தடை போட்ட பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் 14 நாள் வரை தங்கலாம், பெரும்பாலான இடங்களில் கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. அங்கே கழிப்பறை, குழாய், குப்பைத்தொட்டி, மேசை எதுவுமே இருக்காது. கொண்டுபோவதும் நீங்கள், திரும்பக் கொண்டுவருவதும் நீங்கள்.

முதல் வேலையாக அந்தந்தக் காட்டின் வாகனப் பயன்பாட்டு வரைபடத்தை, இங்கே எம்வியூஎம் என்பார்கள், வனத்துறையின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான். அவென்சா மேப்ஸ் செயலியில் போட்டுக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நீங்கள் நிற்கும் புள்ளி தெரியும். எந்தச் சாலையில் வண்டி போகலாம், எந்தச் சாலை ஓரமாகக் கூடாரம் போட வண்டியை உள்ளே இறக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சாலையை ஒட்டி வரிசையாகப் புள்ளி வைத்திருந்தால் அங்கே இறக்கலாம் என்று அர்த்தம். புள்ளி இல்லையென்றால் வண்டியைச் சாலையோரத்திலேயே நிறுத்திவிட்டுச் சாமானைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். கூகுள் மேப்பை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது பத்து வருடம் முன்பு மூடிய காட்டுப் பாதையைக்கூடச் சாலை என்று காட்டும்.

இந்த மாதத்தில் போக வேண்டிய இடம் மகியோன் ரிம். எழுத்தில் பார்த்தால் மொகொல்லான் என்று படிக்கத் தோன்றும், உள்ளூர்க்காரர்கள் மகியோன் என்பார்கள், பெரும்பாலும் வெறும் "ரிம்" என்றுதான் பேச்சு. அரிசோனாவின் குறுக்கே ஏறத்தாழ 200 மைலுக்கு ஓடும் செங்குத்தான மலைவிளிம்பு அது. நீங்கள் 87-ஆம் சாலையில் பேசன் ஊருக்குப் போய் (ஒன்றரை மணி நேரம்), அங்கிருந்து 260-இல் கிழக்கே 30 மைல் ஏறினால் விளிம்பின் உச்சிக்கு வந்துவிடுவீர்கள், கடல் மட்டத்திலிருந்து 7,500 அடிக்கு மேல், ஏறத்தாழ நம் ஊட்டியின் உயரம். சாண்ட்லரில் வெயில் 108 டிகிரி அடிக்கும்போது அங்கே 80 இருக்கும். சுற்றிலும் பாண்டரோசா பைன். வெயில் பட்ட பெரிய மரத்தின் பட்டைப் பிளவில் மூக்கை வைத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள் குழந்தைகளை, வெனிலா வாசனை வரும். நான் 14 வருடமாகப் போகிறேன், ஒவ்வொரு தடவையும் இறங்கியவுடன் இதைத்தான் முதலில் செய்கிறேன்.

அங்கே விளிம்பை ஒட்டி ஓடுவது வனச்சாலை 300. மண்சாலைதான், ஆனால் காய்ந்திருக்கும்போது செடான் மெதுவாகப் போகும். மழை பெய்தால் களிமண் சோப்பு மாதிரி வழுக்கும், அப்போது கிளைச் சாலைகளில் இறங்கவே வேண்டாம். இன்னொன்று, அந்தக் கிழக்குப் பகுதியில் கூட்டம் அதிகமாகி நிலம் கெட்டுப்போனதால் 300-ஐ ஒட்டியும் அதன் சில கிளைகளிலும் அடையாளப் பலகை நட்ட இடங்களில் மட்டும்தான் கூடாரம் போடலாம். அதற்கும் காசு இல்லை, முன்பதிவு இல்லை, முதலில் வருபவருக்கு இடம். வெள்ளி மாலை ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் ஒன்றும் மிஞ்சாது. வியாழன் அல்லது வெள்ளி காலையே போங்கள், ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் பரவாயில்லை.

இடம் தேர்ந்தெடுக்கும்போது ஏற்கெனவே யாரோ தங்கி மண் இறுகி, கல் வட்டம் இருக்கிற இடமாகப் பாருங்கள். புல் மேல் புதிதாக ஒரு இடம் உண்டாக்காதீர்கள், அங்கே ஒரு சுவடு பதிந்தால் போக வருடக்கணக்கில் ஆகும். அண்ணாந்தும் பாருங்கள். பட்டுப்போன மரம், ஒடிந்து தொங்கும் கிளை இருந்தால் அதன் கீழே வேண்டாம், காற்றில் விழும். ஓடை, குளம், ஏரி என்றால் 200 அடி தள்ளி. காட்டுக்குள் மாட்டுக்கும் மானுக்கும் வைத்த தண்ணீர்த் தொட்டி இருக்கும், அதிலிருந்து கால் மைலுக்குள் கூடாரம் போட்டு அவற்றை வரவிடாமல் செய்வது அரிசோனா சட்டப்படி குற்றம். மைல்கணக்கில் வேறு தண்ணீர் கிடையாது, நாம் அங்கே உட்கார்ந்தால் அவை தாகத்தோடு திரும்பிப் போய்விடும்.

அப்புறம், மரம் இருப்பதெல்லாம் தேசியக் காடு இல்லை. வழியில் மாநில அறக்கட்டளை நிலம் வரும், அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். அமெரிக்கப் பழங்குடியினரான அப்பாச்சி மக்களின் நிலத்துக்கு அவர்களிடமே அனுமதி வாங்க வேண்டும். வரைபடத்தில் நிறம் மாறும் இடத்தைக் கவனியுங்கள்.

மெசா_அக்கா எழுதியது:

தம்பி, கழிப்பறை பற்றிக் கேட்டது நல்லது. யாரும் வெளிப்படையாகப் பேசாததால்தான் எத்தனையோ பெண்கள் கேம்பிங்கே வேண்டாம் என்கிறார்கள். நான் சொல்கிறேன்.

கடையில் ஐந்து கேலன் வாளி மேல் மாட்டும் இருக்கை கிடைக்கும், கூடவே நிமிர்ந்து நிற்கும் சின்னத் திரைக்கூடாரம் ஒன்று. வாளிக்குள் கெட்டியான பை, அதில் கொஞ்சம் பூனை மணல். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் சின்னக் குழந்தைக்கும் இதுதான் வசதி. அந்தப் பையை இறுகக் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட வேண்டும். கழிவைக் கெட்டியாக்கும் தூளோடு வரும் பைகளும் விற்கிறார்கள், அவை இன்னும் சுலபம். வாளி வேண்டாம் என்றால் ஒரு கைக்கரண்டி வாங்கி, தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் 200 அடி தள்ளி, அதாவது பெரியவர் நடையில் எண்பது எட்டு, ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, முடித்ததும் அதே மண்ணைப் போட்டு மூடுங்கள். பைன் ஊசி பரவிய மண்ணில் மேலே மெத்தென்று இருக்கும், நாலு அங்குலத்துக்குக் கீழே வேரும் கல்லும் தட்டும். அதனால் அவசரம் வரும் வரை காத்திருக்காமல் கூடாரம் போட்ட கையோடு வெளிச்சத்திலேயே இரண்டு குழி தோண்டி வைத்துவிடுவேன். சொம்பில் தண்ணீர் எடுத்துப் போய்க் கழுவிக்கொள்வது நம் வழக்கம், குழிக்கு மேலேயே கழுவினால் அதில் தவறே இல்லை. காகிதம், ஈரத்துடைப்பான் பயன்படுத்தினால் மட்டும் ஜிப் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். ஈரத்துடைப்பான் மக்கவே மக்காது. விலங்குகள் தோண்டி வெளியே இழுத்துப் போட்டதை எத்தனையோ இடத்தில் பார்த்து மனம் வெறுத்துப்போய் வேறு இடம் தேடியிருக்கிறேன்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் குடிக்கவும் சமைக்கவும். நீங்கள் ஐந்து பேர், இரண்டு ராத்திரி மூன்று பகல் என்றால் 15 கேலன், நாம் கழுவும் பழக்கத்துக்கு இன்னும் ஆறு. ஏழு கேலன் பிடிக்கும் நீலக் கேன் மூன்று வாங்கி, வீட்டுக் குழாயிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குழாய் வைத்த மூடியாகப் பார்த்து வாங்கினால் குழந்தைகளே கை கழுவிக்கொள்வார்கள்.

சமையலுக்கு இரண்டு அடுப்பு வைத்த புரொப்பேன் ஸ்டவ் போதும். சின்னக் குக்கரை மறக்காமல் எடுத்துப் போங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் சோறு வேக வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகும், பருப்பு வேக இன்னும் நெடுநேரம் ஆகும். குக்கரில் வைத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. முதல் நாளுக்குப் புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம் வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளலாம். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஒரு வடிகட்டியில் ஊற்றி, பருக்கையைக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, தண்ணீரைத் தள்ளிப்போய் வீசி ஊற்றுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் ஸ்கங்க் என்கிற, நாற்றம் பீய்ச்சும் விலங்கு வரும்.

கரடி உண்டு, கறுப்புக் கரடி மட்டும்தான். அதற்கு வேண்டியது சாப்பாடு. தின்பண்டம், பற்பசை, சோப்பு, குப்பைப் பை எல்லாம் ராத்திரியில் பூட்டிய காருக்குள். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்கூட வேண்டாம், குழந்தையின் கால்சட்டைப் பையையும் தடவிப் பாருங்கள்.

கடைசியாக, குளிர். நாங்கள் முதல் தடவை ரிம்முக்கு மே மாதக் கடைசியில் போனோம். அரிசோனாதானே என்று மெல்லிய போர்வையோடு போய்விட்டோம். மூன்று மணிக்கு மகள் பல் கிடுகிடுக்க எழுந்து உட்கார்ந்து அழுதாள், தொட்டுப் பார்த்தால் கால் ஐஸ் மாதிரி இருந்தது. விடியும் வரை காரில் ஹீட்டரைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். அடியில் போடும் பாய் நல்லதாக இருக்க வேண்டும். ஜூனிலும் ராத்திரி 45 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கும், அப்பாவுக்குக் குல்லாவும் சாக்ஸும் கட்டாயம்.

வெயில்வாசி எழுதியது:

அண்ணா, அக்கா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி. குக்கர் விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது. இரண்டு சந்தேகம். குழந்தைகளுக்குக் கேம்ப் என்றாலே நெருப்பு மூட்டி மார்ஷ்மெல்லோ சுடுவதுதான், ஏற்கெனவே பாக்கெட் வாங்கி வைத்துவிட்டார்கள். விறகு அங்கேயே பொறுக்கிக்கொள்ளலாமா? அப்புறம் தண்ணீர் ஓரமாகத் தங்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை, ரூஸ்வெல்ட் ஏரிக்கரையில் கூடாரம் போடலாம் என்று ஒரு படத்தில் பார்த்தோம். ஜூனில் அங்கே போகலாமா?

சாம்பல்மேடு எழுதியது:

ஜூனில் நெருப்பு வேண்டாம். பெரும்பாலும் அப்போது தடை இருக்கும், கிளம்பும் நாள் காலையில் அந்தந்தக் காட்டின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத் தடையிலேயே டிஸ்பர்ஸ்டு இடங்களில் விறகு நெருப்பும் கரி அடுப்பும் கூடாது, திருகி அணைக்கிற கேஸ் ஸ்டவ் மட்டும் வைத்துக்கொள்ளலாம். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

அபராதம் இருக்கட்டும். 2002 ஜூனில் இதே ரிம் பக்கம் ரோடியோ என்று ஒரு தீ, செடிஸ்கி என்று ஒரு தீ. இரண்டாவது எப்படி ஆரம்பித்தது தெரியுமா? காட்டில் வழி தவறிய ஒரு பெண், மேலே பறந்த ஹெலிகாப்டரின் கவனத்தைத் திருப்பச் சின்னதாக மூட்டிய நெருப்பு. அவர் உயிர் பிழைத்தார். அந்த நெருப்பு மற்றதோடு சேர்ந்து 4,60,000 ஏக்கருக்கு மேல் எரித்தது, நானூறுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. 260-இல் ஹீபர் பக்கம் போனால் இன்னும் பெரிய மரம் இல்லாத சரிவுகள் தெரியும், இருபது வருடத்துக்கு மேல் ஆகியும். உங்கள் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிச் சொல்லுங்கள், மார்ஷ்மெல்லோவை ஸ்டவ் சுடரில் சுட்டுக்கொடுங்கள். அவர்களுக்குப் புரியும்.

மழைக்குப் பிறகு, ஆகஸ்ட், செப்டம்பரில் தடை நீங்கியிருந்தால் மூட்டலாம். தரையில் விழுந்து காய்ந்த குச்சியை அங்கே எரிக்கும் அளவுக்குப் பொறுக்கலாம், நிற்கும் மரத்தை வெட்டக் கூடாது, அது பட்டமரமாக இருந்தாலும். ஏற்கெனவே இருக்கும் கல் வட்டத்தில் மட்டும். அணைக்கும்போது மண்ணைப் போட்டு மூடுகிறார்கள் பலர், அது தவறு, மண்ணுக்கு அடியில் கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஊற்றுங்கள், கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். புறங்கையைச் சாம்பலுக்கு மேலே கொண்டுபோய்ச் சூடு இல்லையென்று தெரிந்தபின் உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். இதற்கென்றே மூன்று கேலன் தண்ணீர் தனியாக வைத்திருப்பேன். போன வருடம் ஒரு ஞாயிறு மதியம் காலியான இடம் என்று நினைத்து வண்டியை நிறுத்தினேன், கல் வட்டத்தில் பார்த்தால் வெள்ளைச் சாம்பல், தொட்டேன், சுட்டது. காலையிலேயே கிளம்பிவிட்டிருக்கிறார்கள். காற்று மட்டும் வேகமாக அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

மழை பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இங்கே மான்சூன் காலம். மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வரும். இடிச் சத்தம் கேட்டால் விளிம்பு ஓரம், தனி மரத்தடி, கூடாரம் எதிலும் இருக்காமல் காருக்குள் போய்விடுங்கள். வறண்ட ஓடைப் படுகையில் மணல் மெத்தை மாதிரி இருக்கிறதே என்று கூடாரம் போடவே கூடாது. 2017 ஜூலையில் பேசனுக்கு வடக்கே எலிசன் ஓடையில் குளித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தில் பத்துப் பேர் ஒரே வெள்ளத்தில் இறந்தார்கள். மேலே பல மைல் தள்ளி, ஒரு மாதம் முன்பு தீயில் எரிந்த சரிவில் பெய்த மழை அது. எரிந்த மண் தண்ணீரை உறிஞ்சாது, அப்படியே சாம்பலும் கட்டையுமாக இறங்கும்.

ஏரிக்கரை எழுதியது:

ரூஸ்வெல்ட் ஏரிக்கு ஜூனில் போகாதீர்கள், குழந்தைகளும் பெரியவரும் இருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். அது 2,000 அடி உயரத்தில்தான் இருக்கிறது, சுற்றிலும் சகுவாரோ கள்ளி, நிழலே கிடையாது. சாண்ட்லரில் என்ன வெயிலோ ஏறத்தாழ அதே வெயில் அங்கேயும். ராத்திரி பத்து மணிக்கும் கூடாரத்துக்குள் அனல் வீசும்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை போனால் அதைப்போல ஒரு இடம் கிடையாது. 1911-இல் கட்டி முடித்த அணை, ஃபீனிக்ஸ் நகரம் வளர்ந்ததே இதன் தண்ணீரால்தான். சில இடங்களில் காரை ஏறத்தாழக் கரை வரை கொண்டுபோய்க் கூடாரம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அங்கே இலவசம் இல்லை, டான்டோ பாஸ் என்று நாள் கட்டணச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் தொங்கவிட வேண்டும். வழியில் கடையிலோ இணையத்திலோ முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். நீர்மட்டம் ஏறி இறங்கும் ஏரி என்பதால் கரையில் மேலே காய்ந்த மாதிரி தெரியும் சேற்றில் செடானை இறக்கிவிடாதீர்கள், இறங்கி நடந்து பார்த்துவிட்டு ஓட்டுங்கள். பாலைவனத்தில் தங்கும்போது வெளியே கழற்றிய செருப்பை உதறாமல் போடக் கூடாது. புறஊதா டார்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் தேள் பச்சையாக ஒளிர்வது தெரியும், என் பையன் அதை விளையாட்டாகவே செய்கிறான்.

மகளுக்கு இப்போதே ஏரி வேண்டுமென்றால் ரிம் மேலேயே உட்ஸ் கேன்யன், வில்லோ ஸ்பிரிங்ஸ், பேர் கேன்யன், நால் என்று சின்னச் சின்ன ஏரிகள் இருக்கின்றன. கரையிலேயே கூடாரம் போட முடியாது, பக்கத்துக் காட்டில் தங்கிக்கொண்டு பகலில் போய் வாருங்கள். உட்ஸ் கேன்யனில் வாடகைப் படகு உண்டு.

மெதுவாப்போ எழுதியது:

எல்லோரும் சொன்னது சரிதான், ஆனால் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஐந்து வயதுக் குழந்தை, 66 வயதுப் பெரியவர், இதுவரை ஒரு ராத்திரிகூடக் கூடாரத்தில் தூங்கியதில்லை, நேராக டிஸ்பர்ஸ்டு இடத்துக்கா? முதலில் ஒரு வார நாளில் கழிப்பறை உள்ள முகாமில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள், வார நாளில் இடம் கிடைக்கும். அது முடியாதென்றால், பேசனிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உள்ளே போகாதீர்கள். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவரிடம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். அங்கே சிக்னல் வரும் போகும். ஐபோன் 14 அல்லது அதற்குப் பிறகு வந்த ஐபோன் என்றால் சாட்டிலைட் வழி அவசரச் செய்தி அனுப்பலாம், வீட்டிலேயே அதன் செயல்விளக்கத்தை ஒரு தடவை ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

மெசா_அக்கா எழுதியது:

பயம் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை, உங்கள் மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். எனக்கும் முதல் இரண்டு தடவை தூக்கம் வரவில்லை. ஜூன் வார இறுதியில் ரிம்மில் ஆள் அரவம் இல்லாமல் இருக்காது, கூப்பிடு தூரத்தில் இன்னொரு குடும்பம் இருக்கும். போனவுடன் ஒரு நடை போய் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். அந்தப் பக்கம் இருப்பது யார் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். இடம் சரியாகப் படவில்லை, குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறார்கள், துப்பாக்கி சுட்டுப் பழகுகிறார்கள் என்றால் யோசிக்காமல் வேறு இடத்துக்குப் போய்விடுங்கள். காரின் மூக்கை வெளியே பார்த்தபடி நிறுத்துவது என் பழக்கம்.

வெயில்வாசி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

போய் வந்துவிட்டோம்! மெதுவாப்போ சொன்னதையும் விடவில்லை, கூடாரத்தை முதலில் வீட்டு ஹாலில் போட்டு எல்லோரும் ஒரு ராத்திரி அதில் தூங்கினோம். வியாழன் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். 300-இல் முதல் நாலைந்து இடத்தில் ஆள் இருந்தார்கள், அதைத் தாண்டி ஒரு கிளைச் சாலையில் எண் பலகை போட்ட இடம் கிடைத்தது. தடை இருந்ததால் நெருப்பு இல்லை. மகன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், எரிந்த சரிவைக் காட்டிச் சொன்னபிறகு அவனே பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகளிடம் போய் "இங்கே நெருப்பு வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தான். ஸ்டவ்வில் சுட்ட மார்ஷ்மெல்லோவே போதுமாக இருந்தது.

அப்பா பற்றித்தான் எழுத வேண்டும். வழியில் கம்பி வேலிக் கதவு ஒன்று சாத்தியிருந்தது, நான் திறந்து உள்ளே ஓட்டிவிட்டு அப்படியே போகப் பார்த்தேன். அவர் இறங்கிப்போய்ச் சாத்தி, கம்பியை மாட்டிவிட்டு வந்து, "மாடு மேயுற காடுடா, கதவு எப்படி இருந்துச்சோ அப்படியே விடணும்" என்றார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை கண் விழித்தால் அவர் படுக்கையில் இல்லை, பதறிப்போய் வெளியே வந்தேன். குல்லாவும் சாக்ஸுமாகக் கேன் மேல் உட்கார்ந்திருந்தார், முப்பது அடி தள்ளி இரண்டு மாடு நின்று புல் கடித்துக்கொண்டிருந்தன. ஒன்றின் காதில் இருந்த மஞ்சள் வில்லையைக் காட்டி, இது எந்த வகை, எவ்வளவு பால் கறக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, கறிக்கு வளர்ப்பதாக இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

மரப்பட்டையில் வெனிலா வாசனை உண்மையிலேயே வந்தது. மகள் ஒவ்வொரு மரமாகப் போய் முகர்ந்து எதில் அதிகம் என்று கணக்கு எழுதினாள். கைக்கரண்டி முதல் குழியிலேயே வளைந்துவிட்டது, இரும்பில் ஒன்று வாங்க வேண்டும். தண்ணீர் 21 கேலனில் நாலு மிஞ்சியது. ராத்திரி இரண்டாவது நாள் 47 காட்டியது, மனைவி என்னைவிட நன்றாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை கிளம்பும்போது பிள்ளைகள் இருவரும் பையோடு ஒரு சுற்று வந்து, எங்களுடையது இல்லாத பாட்டில் மூடிகளையும் பொறுக்கினார்கள், 43 என்று எண்ணி வைத்திருக்கிறார்கள்.

அப்பா செப்டம்பர் கடைசியில் ஊருக்குப் போகிறார், அதற்குள் இன்னொரு தடவை கூட்டிக்கொண்டு போக வேண்டும். எந்த வாரம் நல்லது?

ரிம்ரோடு எழுதியது:

செப்டம்பர் மூன்றாவது வாரம். அப்போதுதான் எல்க் ஆண்மான்கள் ஜோடி தேடிக் கத்தும், விடியற்காலையில் புல்லாங்குழலை ஓங்கி ஊதிய மாதிரி ஆரம்பித்துக் கடைசியில் உறுமலாக முடியும் சத்தம், பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். அப்பா அதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அதே நேரம் வேட்டைக் காலமும் நடக்கும், காட்டுக்குள் நடக்கும்போது எல்லோரும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி அப்போது உறைநிலை அருகே வரும், இன்னொரு கம்பளி சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நாங்களும் அந்த வாரம்தான் போகிறோம், வியாழன் காலை 300-இன் தொடக்கத்தில் உள்ள பார்வையாளர் மையத்தில் ஏழு மணிக்கு நிற்போம். என்னிடம் இரும்புக் கைக்கரண்டி ஒன்று கூடுதலாக இருக்கிறது, கொண்டு வருகிறேன்.